தணல் மேல் ஒரு பிராது

மணிபாரதிக்கு உலகம் முழுக்க நல்ல பெயர். பெரு நாட்டில் ஏதோ ஒரு மலையூரில், டென்மார்க்கில், ஜப்பானில், இன்னும் அவனே வரைபடத்தில் தேடிக் கண்டுபிடித்த ஊர்களில் எல்லாம் சூளை வைத்திருக்கிறவர்கள் அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். விருத்தாசலத்தில், அவன் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பொம்மைப் பட்டறையில், அவன் மனைவி சந்திரலேகா மட்டும் கொண்டாடவில்லை. அவன் எழுதிய மென்பொருள் ஓடுகிற பெட்டியின் ஒயரைப் பிடுங்கி, சுருட்டி, காலண்டர் மாட்டும் ஆணியில் மாட்டிவிட்டாள்.

மென்பொருளின் பெயர் தணல். சூளையின் சூட்டைப் பார்த்துக்கொள்வது அதன் வேலை. முதலில் மெதுவாக ஏற்று, இந்த அளவு வந்ததும் பிடித்து நிறுத்து, பிறகு வேகமாகப் போ என்று முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டால் போதும். உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்று சூளைக்குள் சூடு எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து, கரண்டை விட்டும் நிறுத்தியும் சொன்னபடி நடத்தும். கல்யாணமான புதிதில் சந்திரலேகா சூளைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வெந்தும் வேகாமலும் சுவிட்சைத் திருகிக்கொண்டிருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் எழுதியது அது. மணிபாரதி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். கம்பெனி வேலையைக் கடனே என்று செய்தான், தணலைக் காதலித்தான்.

எழுதியதை அவன் பூட்டிவைத்துக்கொள்ளவில்லை. ஓப்பன் சோர்ஸ் என்று இணையத்தில் போட்டுவிட்டான். அதாவது, குழம்பை விற்காமல் குழம்பு வைக்கும் பக்குவத்தையே வாசலில் எழுதி மாட்டிவிட்டு, ‘யார் வேண்டுமானாலும் வைத்துப் பாருங்கள், உப்பு கூடினால் வந்து சொல்லுங்கள், புளியை மாற்றினால் அதையும் சொல்லுங்கள்’ என்று உட்கார்ந்திருப்பது. வைத்துப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். குறை சொல்கிறவர்கள் எழுதுவதற்கு அங்கே ஓர் இடம் உண்டு. இஷ்யூ என்று பெயர். ஒவ்வொரு இஷ்யூவுக்கும் மணிபாரதி எவ்வளவு பொறுமையாகப் பதில் எழுதுவான் தெரியுமா? அந்தப் பொறுமையில் கால்வாசியை வீட்டில் காட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

நடந்தது இதுதான். கொலு நெருங்கிக்கொண்டிருந்த சமயம். ஸ்ரீமுஷ்ணத்தில் கோயில் பக்கம் கடை வைத்திருக்கும் ராஜமாணிக்கம் பூவராகர் பொம்மை கேட்டிருந்தார். இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு நிற்கிற வராகர். சந்திரலேகாவும், அவளோடு வேலை செய்யும் அமிர்தமும் அச்சில் வார்த்து, அச்சு ஒட்டின கோட்டைத் தேய்த்து, நிழலில் காயவைத்து, பிறகு வெயிலில் காயவைத்து, பிள்ளைகளைத் தொட்டிலில் போடுகிற மாதிரி அடுக்கிச் சூளையை மூடினார்கள். தணலிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாள். நடுவில் கரண்ட் போய், பிறகு வந்தது. திறந்து பார்த்தபோது வராகர் ஒருவர்கூட முழுதாக இல்லை. கை தனி, கொம்பு தனி, மூக்கு தனி. ஈரப் பொம்மையைச் சூட்டில் வைத்தால் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெடிக்குமே, அச்சு அசல் அப்படி.

மணிபாரதி வந்து எட்டிப் பார்த்தான். ஒரு துண்டை எடுத்துத் திருப்பினான். பிறகு சொல்லக்கூடாத அந்த வார்த்தையைச் சொன்னான்.

“ஈரத்தோட ஏத்திட்ட லேகா.”

அமிர்தம் கையிலிருந்த துடைப்பத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அனுபவசாலி.

சந்திரலேகாவுக்கு மண்ணோடுதான் வளர்ப்பு. பொம்மையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தே காய்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். அவளுக்கோ ஆடவும் தெரியும், கூடமும் நேர். அப்படிப்பட்டவளிடம் போய் ஈரம் என்றால்? அவள் கத்தவில்லை. “ஒங்க பொட்டி பண்ண வேலைங்க இது. கொஞ்சம் பாருங்க” என்றாள். அவன் காதில் கம்பெனி மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. உலகத்தார் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிப் பழகின வாய், அவளுக்கும் அதையே சொன்னது.

“எதுவா இருந்தாலும் ஒரு இஷ்யூ போடு. பாக்குறேன்.”

“வூட்டுக்குள்ள இருக்கறவளும் இஷ்யூ போடணுமா?”

“போட்டாதான் மறக்காம இருக்கும்.”

அன்றைக்குத்தான் ஒயர் ஆணிக்குப் போனது. பழைய ஸ்டூல் பரணிலிருந்து இறங்கிச் சூளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. பெருவில் ஒரு பெண்மணி தணலால் தன் கண்ணுக்குத் தூக்கம் கிடைத்தது என்று நன்றி எழுதிய அதே வாரம், அது யாருக்காக எழுதப்பட்டதோ அவள் கண் சிவந்து சுவிட்சைத் திருகிக்கொண்டிருந்தாள். மணிபாரதி அதைப் பார்த்தான். தணலுக்கு எத்தனை ஊரில் எத்தனை பேர் இருந்தால் என்ன, சந்திரலேகாவின் சூளையில் அது மறுபடி ஓடவில்லை என்றால் எழுதியதற்கே அர்த்தமில்லை என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. அதை அவளிடம் போய்ச் சொல்வதற்கு என்ன கேடு? ஆண்பிள்ளை வீம்புதான். ஈரம் என்று சொன்னது சரிதான் என்று வேறு நம்பிக்கொண்டிருந்தான்.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. திருடு போனாலும், கொடுத்த வார்த்தையை ஒருவன் மீறினாலும், போலீசுக்குப் போகிறார்களோ இல்லையோ, மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்விடுவார்கள். அங்கே தாளில் முறைப்படி மனு எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, அதே கோயிலில் முனியப்பர் சாமி முன்னால் இருக்கிற வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். பிராது கட்டுவது என்று அதற்குப் பெயர். மனுதாரர் ஊரிலிருந்து கோயிலுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டு, அதன்படிதான் கட்டணம். காரியம் முடிந்ததும், கட்டினவரே போய் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். வேறு ஆள் வாங்கக்கூடாது, மறந்தும் விடக்கூடாது.

இஷ்யூ போடு என்றால் சந்திரலேகாவுக்கு வேறு எப்படி எழுதத் தெரியும்? சில நாளில் தணலின் இணையப் பக்கத்தில், ஊர் உலகம் பார்க்க, சுத்தத் தமிழில் ஓர் இஷ்யூ வந்து நின்றது.

‘கொளஞ்சியப்பர் துணை.

மனுதாரர்: சந்திரலேகா, பொம்மைப் பட்டறை, விருத்தாசலம்.

எதிர்வாதி: மேற்படியாளின் கணவர் மணிபாரதி, அதே விலாசம்.

தூரம்: ஒரு சுவர்.

என்ன நடந்தது: நன்றாகக் காய்ந்த வராகர் பொம்மைகளைச் சூளையில் ஏற்றினேன். கரண்ட் போய் வந்தது. எல்லாம் வெடித்துவிட்டது.

என்ன நடந்திருக்க வேண்டும்: வெடித்திருக்கக் கூடாது.

மறுபடி நடக்கவைப்பது எப்படி: பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாளில் சூளையை ஏற்றிப் பார்க்கவும்.

கோரிக்கை: பொம்மையில் ஈரம் இல்லை என்று எதிர்வாதி நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும்.’

மணிபாரதி டீ குடித்துக்கொண்டே பார்த்தான். டீ மூக்கில் ஏறியது. அழிக்கலாம் என்று கை போனது. அழித்தால் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று யோசித்துக் கையை இழுத்துக்கொண்டான். அதற்குள் உலகம் அதை மொழிபெயர்த்துப் படித்துவிட்டது. இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட இஷ்யூவைத் தான் பார்த்ததே இல்லை என்று ஜப்பான்காரர் ஒருவர் பாராட்டினார். டென்மார்க்கில் இருந்த ஒருவர் பணிவாகக் கேட்டார்: ‘இந்தக் கொளஞ்சியப்பர் யார்? தணலின் தலைமை நிரலாளரா?’ மணிபாரதி ‘எங்கள் எல்லாருக்கும் மேலே இருப்பவர்’ என்று பதில் எழுதினான்.

ஊரும் சும்மா இருக்குமா? பக்கத்துப் பட்டறை சுப்புராயன் மளிகைக்கடை வாசலில் அவனை நிறுத்தினார்.

“என்னாப்பா, கம்ப்யூட்டர்லயே பிராது கட்டிட்டாங்களாமே ஒம் மேல. கோயிலுக்கு பஸ் செலவு மிச்சம்.”

“அது பிராது இல்லண்ணே, பக் ரிப்போர்ட்டு.”

“அதான் சொல்றேன்” என்றார் சுப்புராயன்.

அவன் மூக்கு முழுசாக உடைந்தது பெருவிலிருந்து வந்த பதிலில்தான். எலெனா என்ற அந்தப் பெண்மணிதான், தூக்கம் கிடைத்தது என்று நன்றி எழுதினவர். இப்போது இப்படி எழுதியிருந்தார்: ‘தணல் பெட்டியை நீங்கள் பேட்டரியில் வைத்திருக்கிறீர்களா? நான் சோலார் பேட்டரியில் வைத்திருக்கிறேன். மின்சாரம் போய் வந்த ஒரு நாள் என் பானைகளும் வெடித்தன. ஈரமாக அடுக்கினாய் என்று என் தங்கையைத் திட்டிவிட்டேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. சந்திரலேகாவின் மனுவைப் படித்த பிறகு எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.’

மணிபாரதிக்குச் சுருக்கென்றது. பேட்டரி. வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து சுவரில் ஓட்டை போட்டு ஒயர் இழுத்து, தணல் பெட்டிக்குக் கொடுத்தவனே அவன்தான். “கரண்ட் போனாலும் தணல் அணையாது பாரு” என்று அன்றைக்குப் பெருமை வேறு. ஃபேனும் டிவியும் ஓடுகிற இன்வெர்ட்டரில் சின்னப் பெட்டியும் ஓடட்டுமே என்று நம்மூர்க்காரனுக்கும் எலெனாவுக்கும்தான் தோன்றும்.

தணல் நிமிஷத்துக்கு நிமிஷம் சூட்டைக் குறித்துவைக்கும். இத்தனை நாளும் அதைத் திறந்தே பார்க்காதவன் இப்போது திறந்தான். எல்லாம் பளிச்சென்று இருந்தது. கரண்ட் போனதும் சூளை படுத்துவிட்டது. இன்வெர்ட்டர் தயவில் தணல் மட்டும் முழித்துக்கொண்டு, தன் கடிகாரத்தைப் பார்த்து, இப்போது இவ்வளவு சூடு இருக்க வேண்டும், இப்போது இன்னும் கொஞ்சம் என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டே போயிருக்கிறது. கரண்ட் வந்த நிமிஷம், ஐயையோ சூளை எங்கேயோ பின்தங்கிவிட்டதே என்று முழு மூச்சில் விரட்டியிருக்கிறது. காய்ந்த களிமண்ணானாலும் அதற்குள் கொஞ்சம் தண்ணீர் ஒட்டியேதான் இருக்கும். அது மெல்ல மெல்லத்தான் வெளியேற வேண்டும். இப்படி விரட்டினால் எந்த வராகர் தாங்குவார்?

ஈரமும் இல்லை, ஒன்றும் இல்லை. தப்பு அவனுடையது. வெட்கமாக இருந்தது. அதைவிட, கன்னத்தில் வைத்துக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு பொம்மையையும் அவள் பார்த்தது நினைவுக்கு வந்து உறுத்தியது. அவன் ஓடிக்கொண்டிருந்த மீட்டிங்கை அணைத்துவிட்டு, பிராதின் கீழே எழுதினான்:

‘எதிர்வாதி மணிபாரதி எழுதிக்கொடுப்பது. பொம்மையில் ஈரம் இல்லை. நன்றாகக் காய்ந்துதான் இருந்தது. சூளை நின்றபோது தணல் நிற்கவில்லை, அதனால் வெடித்தது. எழுதினவன் நான், தப்பும் என்னுடையது. பார்க்காமலே என் மனைவியைக் குறை சொன்னேன்.’ அதையே ஆங்கிலத்திலும் கீழே எழுதினான். எலெனாவின் தங்கைக்கும் போய்ச் சேரட்டும் என்று.

சொல்வது சுலபம், திருத்துவதுதான் வேலை. கடிகாரத்தை மட்டும் பார்த்து ஓடாதே, சூளை ஏறாவிட்டால் நீயும் நில், அது எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கிருந்து அதன் வேகத்திலேயே கூட்டிப்போ என்று தணலுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. சூளையோ சந்திரலேகா வசம். அதனால் இஸ்திரிப் பெட்டியைச் சூளையாக வைத்துப் பரீட்சை பார்த்தான். சூடு அளக்கும் கம்பியை அதன் மேல் ஒட்டி, பிளக்கைப் பிடுங்குவதும், காத்திருப்பதும், மறுபடி சொருகுவதும். தண்ணீர் குடிக்க வந்த அமிர்தம் கதவருகில் நின்று பார்த்துவிட்டுப் பட்டறையில் போய்ச் சொன்னாள்: “தம்பி துணியே இல்லாம இஸ்திரி போடுது சந்திரா. கொஞ்சம் பேசிடு. பாவமா இருக்குது.”

புது வெர்ஷன் தயாரானது. அவன் எழுதினதை டென்மார்க்காரர் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தார். திருத்தம் உள்ளே சேர்ந்ததும் அதற்குரிய இஷ்யூ தானாகவே மூடிக்கொள்வது அங்கே வழக்கம். மூடிக்கொண்டது. மணிபாரதி நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தான்.

சாய்ந்தவன் நிமிர்வதற்குள் சந்திரலேகா வாசற்படியில் நின்றாள். இடுப்பில் இரண்டு கையும், முகம் ஒரு பக்கமாகத் திரும்பி, ஸ்ரீமுஷ்ணத்து வராகரேதான். அவன் எழுதிக்கொடுத்ததை அவள் படித்துவிட்டாள் என்பது கண்ணிலேயே தெரிந்தது. ஆனால் குரல் வேறாக இருந்தது.

“எம் பிராத எவங்க வாங்குனது?”

“யாரும் வாங்கல. சரி பண்ணதும் அதுவா மூடிக்கும்.”

“அதுவா எப்டி மூடும்? கட்டுனவ நான் உயிரோடதான இருக்கறேன். காரியம் முடிஞ்சுதான்னு நான் பாத்தனா? தொறங்க அத.”

திறந்தான். ஜப்பான், டென்மார்க், பெரு எல்லாம் பார்க்க, மூடின இஷ்யூ மறுபடி திறந்தது. காரணம் என்ற இடத்தில், ‘மனுதாரர் இன்னும் வாபஸ் வாங்கவில்லை’ என்று எழுதினான்.

“நாளன்னிக்கு பராமரிப்புன்னு கரண்டு கட்டு” என்றாள் சந்திரலேகா. “காலைல நிறுத்தி சாயங்காலம்தான் வுடுவாங்க. ராஜமாணிக்கம் அண்ணனுக்கு மறுபடி வார்த்த வராகர் எல்லாம் காஞ்சு கெடக்குது. நாளன்னிக்கே ஏத்தறேன். ஒங்க பொட்டிலதான்.”

கரண்ட் நிற்கும் நாளில் ஊரில் எவனும் சூளையைத் தொடமாட்டான். “வேணாம் லேகா. இஸ்திரிப் பெட்டிலதான் பாத்திருக்கறேன். மொதல்ல காலி சூளைல ஓட்டிப் பாக்கலாம். இதுவும் போச்சுன்னா கொலுவுக்கு வேற பொம்ம இல்ல.”

“காலி சூளைல என்னா வெடிக்கும்?” என்றாள் அவள். பிறகு கொஞ்சம் குரல் இறங்கி, “நாலு பேர் அறிய எழுதுனீங்கல்ல. நானும் நாலு பேர் அறிய ஏத்தறேன்” என்றாள்.

அந்த நாள் விடிகாலையில் சூளை மூடப்பட்டது. ஆணியிலிருந்து ஒயர் இறங்கியது. மணிபாரதி கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, அவள் உட்காரும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். சுப்புராயனும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்குமே கொஞ்சம் கழன்றுவிட்டது என்ற முடிவோடு போனார். சொன்ன நேரத்துக்குப் பட்டறை ஃபேன் நின்றது. தெருவில் மாவு மில் நின்றது. தணல் பெட்டியின் சின்னத் திரை மட்டும் இன்வெர்ட்டர் தயவில் எரிந்தது. அதில் எண்கள் ஏறவில்லை. அவன் எழுதிவைத்திருந்த ஒற்றைச் சொல் வந்து நின்றது: ‘காத்திருக்கிறேன்’.

சந்திரலேகா அதைப் படித்தாள். சாப்பாட்டை அங்கேயே கொண்டுவந்தாள். அமிர்தம் ஒரு தட்டும் அவர்கள் ஆளுக்கொரு தட்டுமாகச் சூளைக்கு முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மணிபாரதிக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று தரம் எழுந்து சூளையைத் தொட்டுப் பார்த்தான்.

“குந்துங்க” என்றாள் அவள். “ஒங்க பொட்டிக்கு இருக்கற பொறும ஒங்களுக்கு இல்ல.”

சாயங்காலம் மாவு மில் முதலில் கூவியது. ஃபேன் சுற்றியது. மணிபாரதி குனிந்து திரையைப் பார்த்தான். தணல் பாயவில்லை. ஆறிப்போன சூளையை அது இருந்த இடத்திலிருந்தே தொட்டு எழுப்பி, மெல்ல, மிக மெல்ல ஏற்றத் தொடங்கியது. சந்திரலேகா ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்ப் பரணில் போட்டாள். “நான் போயி படுக்கறேன். அது பாத்துக்கும்” என்றாள். அந்த வார்த்தைக்காக அவன் எத்தனை நாள் தவித்தான் என்று அவளுக்கு எங்கே தெரியப்போகிறது.

வெந்து, ஆறி, திறந்தபோது வராகர்கள் வெள்ளை வெளேரென்று வரிசையாக நின்றார்கள். மூலையில் ஒருவருக்கு மட்டும் கொம்பில் மயிரிழை போல ஒரு விரிசல். “ஒண்ணு விரிசல் வுடும், அது எப்பவும் வுடறதுதான்” என்று அமிர்தம் தீர்ப்புச் சொன்னாள். சந்திரலேகா ஒரு பொம்மையை எடுத்துத் தட்டி, கணீரென்ற சத்தத்தைக் கேட்டுவிட்டு, அதை மணிபாரதி கையில் கொடுத்தாள். வண்ணம் பூசி, வைக்கோல் வைத்து, பெட்டி கட்டி, எல்லாம் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் ஏறின.

பிராது மட்டும் அப்படியே திறந்து கிடந்தது. மணிபாரதி தினம் பார்த்தான். கேட்கவும் வெட்கம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. எலெனா தன் தங்கை பேசிவிட்டதாக எழுதினார். டென்மார்க்காரர், ‘மனுதாரர் எப்போது வாபஸ் வாங்குவார்?’ என்று விசாரித்தார். ‘வேலையாக இருக்கிறார்’ என்று எழுதினான். போனில் ஒரு தட்டுத் தட்டினால் முடிகிற காரியம். அவள் கையில் போன் இல்லாமலா இருக்கிறது? இன்னும் கோபமோ என்று உள்ளுக்குள் உதைத்துக்கொண்டிருந்தது.

கொலு வேலையெல்லாம் ஒருவழியாக ஓய்ந்த ஒரு மத்தியானம் சந்திரலேகா தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு அவன் அறைக்குள் வந்தாள்.

“எங்க கெளம்பிட்ட?”

“எங்கயும் இல்ல. வாபஸ் வாங்க வந்தேன். நேர்லதான வரணும்? போன்ல வாங்கறதுக்கு அது என்னா சிலிண்டர் புக்கிங்கா? தள்ளிக் குந்துங்க.”

ஒரே நாற்காலி. அவன் பாதியில் ஒதுங்கினான், மீதிப் பாதியில் அவள் உட்கார்ந்தாள். மண் வேலை செய்து காய்த்துப்போன விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். ‘மனுதாரர் சந்திரலேகா. கோரிக்கை நிறைவேறியது. மனநிறைவோடு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இனி எல்லாச் சூளையும் தணலில்தான்.’

மணிபாரதி அதை இரண்டு தரம் படித்தான். கண் கொஞ்சம் மங்கியது. அதை மறைக்க, குறை கண்டுபிடித்தான்.

“தூரம் போட மறந்துட்ட.”

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு, தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற தங்கள் இருவரையும் பார்த்தாள்.

“இப்ப எங்கங்க இருக்குது தூரம்” என்று சொல்லிவிட்டு, தானே பொத்தானை அழுத்தி மூடினாள்.